ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்

புதிதாகச் சேர்ந்திருக்கிற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். விடவில்லை. சரி, என்னிடம் இருப்பதைத் தருகிறேன். பல்லடம் ரோட்டில் இருக்கிற இந்த ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் பொது மருத்துவராக ஓ.பி. பார்த்தேன். அதில் கடைசி மூன்று வருடம் பொறாமையோடு பார்த்தேன். அந்தப் பொறாமையால் ஒரு பெண்ணின் கிட்னி போயிருக்கும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என் பெருமை. காலையில் ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம் இரண்டரைக்குத்தான் எழுவேன். நடுவில் தண்ணீர் இல்லை, டீ இல்லை, பாத்ரூம் இல்லை. "எங்க டாக்டரம்மாளுக்கு இரும்பு ஒடம்புங்க" என்று அட்டெண்டர் வெளியே சொல்வது காதில் விழும். உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். பயிற்சிக்கு வந்த டாக்டர் யாராவது நடுவில் எழுந்து போனால், "என்ன கண்ணு, அதுக்குள்ளயா?" என்று கேட்டுவிடுவேன். நாலு பேர் முன்னால் கேட்பேன். அந்தப் பிள்ளைகள் முகம் சிறுத்துப்போவதை அப்போது நான் கவனிக்கவே இல்லை.

பிறகு ஜெனிபர் வந்தாள். சோமனூரில் விசைத்தறி ஓட்டிய குடும்பம். யூராலஜி முடித்துவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இங்கே வந்துபோக ஏற்பாடு. வந்த மூன்றாவது மாதம் அவள் அறைக்கு வெளியே நாற்காலி போதவில்லை. என் அறை வாசலிலிருந்து நாலு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னப்பா இது என்று அட்டெண்டரைக் கேட்டேன். "சும்மாதானுங்க கெடந்துச்சு" என்றார். இரும்பு உடம்பு என்று சொன்ன அதே வாய்!

அதுவரை நான் வெறும் டாக்டரம்மா. அவள் வந்த பிறகு அவள் சின்ன டாக்டரம்மா, நான் பெரிய டாக்டரம்மா. மரியாதை என்றா நினைக்கிறீர்கள்? வயசாகிவிட்டது என்பதைத் தேன் தடவிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பொங்கலூரிலிருந்து ஒரு விவசாயி வருவார். பதினைந்து வருடமாக எனக்குத் தக்காளியும் சின்ன வெங்காயமும் பையில் கொண்டுவந்து கொடுத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை அதே பையோடு என் அறையைத் தாண்டி நடந்து போனார். கதவு திறந்துதான் இருந்தது. ஒரு கும்பிடு போட்டார். பை நிற்கவில்லை. அன்றைக்கு எனக்கு வயிறெரிந்தது. தக்காளிக்காகவா என்று சிரிக்காதீர்கள், தக்காளிக்காகத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் ஒரு வகுப்பு எடுத்தாள். கேண்டீன் பக்கத்து அறையில் நாற்பது பேர். சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பது தலைப்பு. "மொளகாயக் கடிச்சா நாக்கு ஏனுங்க எரியுது?" என்று ஆரம்பித்தாள். காரம் என்பதால் எரிகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன், அந்த அளவுக்கு எரிச்சலோடு கேட்டேன். நரம்பு நுனிகளிலும், சிறுநீர்ப்பையின் உள்சுவரிலும், குடலின் உள்சுவரிலும் புரதத்தால் ஆன மிக நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அயனித் தடங்கள் என்று பெயர். ஒவ்வொரு வாசலும் தனக்கென்று உள்ள தூண்டுதலுக்குத்தான் திறக்கும். ஒன்று சூட்டுக்கும் மிளகாய்க்கும் திறக்கும். ஒன்று குளிர்ச்சிக்கு. ஒன்று இழுபடுவதற்கு. பை நிரம்பிச் சுவர் விரியும்போது அந்த வாசல் திறந்து, மின்னேற்றம் உள்ள சோடியமும் கால்சியமும் உள்ளே புகும். நரம்பில் சேதி கிளம்பும். முட்டுகிறது என்று நமக்குத் தெரியும். குடலிலும் அதே வாசல்தான், மலம் வந்து சுவரைத் தொட்டதைச் சொல்கிறது. புண்ணாகி வீங்கினால் இந்த வாசல்கள் தொட்டதற்கெல்லாம் திறந்துகொள்ளும், கால் டம்ளர் சிறுநீருக்கே ஓடவேண்டியிருக்கும். பிறவியிலேயே இழுபடும் வாசல் வேலை செய்யாத சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பை நிரம்பியதே சரியாகத் தெரியாது. கடிகாரம் பார்த்துத்தான் போவார்கள்.

எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு இந்த வாசலெல்லாம் வேண்டாம் ஜெனிபர். கம்பெனி கக்கூஸ் கதவு தெறந்திருந்தாப் போதும்" என்றேன். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். "அதுவும் நெசந்தானுங்க மேடம்" என்று சொல்லி நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டாள். நான் கிண்டலாகச் சொன்னதை அவள் எழுதி வைத்துக்கொள்கிறாளே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இனி பேச்சியம்மாள். தென்காசிப் பக்கம் சொந்த ஊர், கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் டெய்லர், பன்னிரண்டு வருடமாக ஒரே லைனில், அதாவது ஒரே மிஷின் வரிசையில். என்னிடம் வந்தபோது முப்பத்தைந்து வயது. "ஒண்ணுக்கு நிக்கவே மாட்டேங்கு டாக்டர். அரை மணிக்கு ஒருக்க போவுதேன். போனா கொஞ்சூண்டுதான் வருது" என்றாள்.

இந்த ஊரில் அப்படி வருகிற பெண்களை நாளுக்குப் பத்துப் பேர் பார்க்கலாம். கிருமித்தொற்று என்று மாத்திரை எழுதினேன். சரியாகவில்லை. வேறு மாத்திரை எழுதினேன். நாலு தடவை மாற்றி மாற்றி எழுதினேன். கடைசி இரண்டு தடவை பரிசோதனையில் கிருமியே இல்லை. அப்படியென்றால் பை அடங்காமல் துடிக்கிறது என்று முடிவுகட்டி, பையை அடக்குகிற மாத்திரையை ஆரம்பித்தேன். அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்டதும் மனதில் இருந்தது, தொட்டதற்கெல்லாம் திறக்கிற வாசல் என்று. பார், ஜெனிபர் சொல்கிறதெல்லாம் எனக்கும் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு.

ஒரு மாதம் கழித்து வந்தாள். முகம் வாடியிருந்தது. "கொறையல டாக்டர். டோக்கன நாந்தான் எடுத்துட்டு எடுத்துட்டுப் போவுதேன்னு லைன்ல எல்லாரும் ஏசுதாவ. இன்சார்ஜ் சொல்லிட்டாரு, அடுத்த மாசமும் இப்பிடின்னா மிஷின விட்டு எறக்கி ஹெல்பரா போட்டுருவேன்னு." டெய்லராக இருப்பவளைப் பிசிறு வெட்டுகிற ஹெல்பராக இறக்குவது என்றால் என்ன என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், கூலியும் குறையும், மரியாதையும் போகும். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. டோக்கன் என்றாளே, அது என்ன என்று கேட்டிருக்கலாம். வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். கேட்கவில்லை.

மாத்திரையை இரட்டிப்பாக எழுதினேன். பக்கத்தில் நின்றிருந்தவர் சரசு. இருபது வருடமாக என் அறையில் இருந்த நர்ஸ். குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க டாக்டர், இந்தம்மாளுக்கு ஒருக்கா ஸ்கேன் வச்சுப் பாத்துட்டாத் தேவலைங்க. ஒண்ணுக்குப் போயிட்டு வந்தப்பறம் உள்ள எவ்வளவு மிஞ்சி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கலாமுங்க" என்றார்.

சரியான வார்த்தை. பையை அடக்குகிற மாத்திரையை ஏற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியமும் அதுதான். எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்தச் சின்ன ஸ்கேன் மிஷின் ஜெனிபர் அறையில் இருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அவளும் இருந்தாள். மிஷின் வேண்டும் என்றால் ஆள் அனுப்பிக் கேட்கவேண்டும். கேட்டால் அவள் வருவாள். வந்தால் பேச்சியம்மாளிடம் நாலு கேள்வி கேட்பாள். அப்புறம் பேச்சியம்மாளும் அந்தப் பக்கத்து நாற்காலிக்குப் போய்விடுவாள். இத்தனையும் இரண்டு விநாடியில் என் மனதில் ஓடியது.

"எனக்குத் தெரியாதா சரசு? மாத்திரை கேக்கும். அடுத்த ஆளக் கூப்புடுங்க" என்றேன்.

கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அறிவு குறைவு என்பதால் அந்தத் தவறு நடக்கவில்லை. இருபது அடி தூரத்தில் மிஷின் இருந்தது, கேட்க மனம் வரவில்லை, அதனால் நடந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. கம்பெனி வேனில் பேச்சியம்மாளைக் கொண்டுவந்தார்கள். கூட இரண்டு டெய்லர் பெண்கள். மிஷினில் உட்கார்ந்தபடியே தலை சுற்றி விழுந்திருக்கிறாள். காலையிலிருந்து சிறுநீர் சொட்டுகிறது, போனால் வரவில்லை. வயிறு உப்பி, சேலைக் கொசுவம் நிற்காமல் நழுவியது. கூட வந்த பெண், "அவளுக்கு வெளிக்குப் போயி ஆறு நாளாச்சு டாக்டர், வாயுதான் ஏறிடுச்சு போலருக்கு" என்றாள்.

எனக்கும் அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று ஆசை. இனிமா கொடுக்கச் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, கை அதற்குள் அவள் வயிற்றுக்குப் போய்விட்டது. தொப்புள் வரைக்கும் கல் மாதிரி உருண்டு நின்றது. தட்டினால் மந்தமாகக் கேட்டது. வாயு அப்படிக் கேட்காது. "வலிக்குதா பேச்சியம்மா?" என்றேன். "வலி அவ்வளவா இல்ல டாக்டர். கனமா இருக்கு" என்றாள். உள்ளே நின்றது சிறுநீர். அவ்வளவு நிரம்பிய பை துடிதுடிக்க வைத்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியவே இல்லை.

சிறுநீர் இறங்க சரசு டியூபைப் போட்டார். டியூபின் முனையில் மாட்டிய பிளாஸ்டிக் பையில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு லிட்டரைத் தாண்டியும் நிற்கவில்லை. ஸ்கேன் அறைக்குத் தள்ளிப்போய்ப் பார்த்ததில் இரண்டு கிட்னியும் வீங்கியிருந்தன. வெளியே போக வழியில்லாத சிறுநீர் பின்னால் ஏறி அழுத்தியிருக்கிறது. இன்னும் சில வாரம் இப்படியே போயிருந்தால் அந்தக் கிட்னிகளைத் திருப்பி எடுத்திருக்க முடியாது.

ஜெனிபரைக் கூப்பிட்டேன். வேறு வழியில்லை, கூப்பிட்டேன். ஓட்டமாக வந்தாள். "என்ன மாத்திரைங்க மேடம் போயிட்டு இருக்குது?" என்றாள். பேச்சியம்மாள் மருந்துச் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். நான் மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

"எவ்வளவுங்க?"

"சின்ன டோஸ்தான்" என்றேன்.

பொய். மூன்று வாரத்துக்கு முன்னால் வரை உண்மை. வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஜெனிபர் நெற்றியைச் சுருக்கினாள். "சின்ன டோஸுக்கு இந்த அளவுக்கு நிக்காதுங்களே மேடம். வலியும் தெரியல. அப்ப தண்டுவடத்துல ஏதாச்சும் இருக்கோணுமுங்க. இன்னிக்கே கோயமுத்தூருக்கு அனுப்பிரலாங்களா? முதுகு ஸ்கேன் எடுத்துட்டு, தேவைன்னா அங்கயே ஆபரேசன்..."

பேச்சியம்மாள் படுக்கையிலிருந்து என் கையைப் பிடித்தாள். "முதுகெலும்புல ஆபரேசனா டாக்டர்? எனக்கு எந்திரிச்சு நடக்க முடியாமப் போயிருமா?"

சரசு என்னைப் பார்க்கவில்லை. டியூபைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். மாத்திரையை இரட்டிப்பாக்கியது அவருக்குத் தெரியும். இருபது வருட மரியாதை அவர் வாயைக் கட்டியிருந்தது. ஆக, உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் பேசவில்லை. அந்த அரை நிமிடத்தில் நான் நினைத்தது என்ன தெரியுமா? கோயமுத்தூருக்குப் போனால் போகட்டும், ஜெனிபர் முன்னால் என் தலை குனிய வேண்டாம் என்றுதான். அப்படியும் ஒரு மனம் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தது. எனக்கு இருந்தது.

பேச்சியம்மாளின் கை என் மணிக்கட்டை விடவில்லை. மிஷின் பிடித்துக் காய்த்த விரல். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஜெனிபர், டோஸ் இரட்டிப்பாக்கி மூணு வாரமாச்சு. ஏத்தறதுக்கு முன்னால ஸ்கேன் பாக்கல. வெளிக்குப் போறாளான்னும் கேக்கல. சரசு சொன்னாங்க, நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். ஏன் மேடம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "சரிங்க மேடம்" என்றாள், அவ்வளவுதான். உடனே பேச்சியம்மாள் பக்கம் திரும்பிவிட்டாள். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து நான் நெகிழ்ந்தேன் என்று எழுத ஆசைதான். காதில் புகை வந்தது என்பதுதான் நிஜம்.

கால் உணர்ச்சியைச் சோதித்தாள், முழங்காலில் தட்டிப் பார்த்தாள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. தண்டுவடத்தில் கோளாறுக்கு அடையாளம் எதுவும் இல்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த ஓட்டத்திலும் உட்கார்ந்தாள். "அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. ஒண்ணுக்கு முட்டுதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியுதுங்க? எந்த எடத்துல தெரியுதுங்க?"

பேச்சியம்மாள் யோசித்தாள். இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "அப்பிடியெல்லாம் தெரியாது டாக்டர்" என்றாள். "டோக்கன் ஆணியில தொங்குதான்னு பாப்பேன். தொங்குச்சுன்னா போயிருவேன்."

"என்ன டோக்கனுங்க?"

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவர்கள் கம்பெனியில் ஒரு லைனுக்கு நாற்பது பேர், நாற்பது பேருக்கு ஒரு டோக்கன். இன்சார்ஜ் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு போனால்தான் பாத்ரூம். ஒருத்தி எடுத்துப் போனால் அவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேச்சியம்மாளுக்கு அடிக்கடி முட்டியிருக்கிறது, டோக்கன் கிடைக்காது. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் வீட்டில் ஒரு தடவை, சாயங்காலம் வீட்டில் ஒரு தடவை என்று பழக்கிக்கொண்டாள். மலமும் அப்படித்தான். பத்து வருடத்தில் முட்டுவதே நின்றுபோனது. அதை அவள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறாள். அப்புறம் ஒரு நாள் சேலை நனைந்தது. பயந்துபோய், டோக்கன் ஆணியில் தெரிந்த போதெல்லாம் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். அதைத்தான் அரை மணிக்கு ஒருக்க என்று என்னிடம் சொன்னாள்.

வெளியே வந்ததும் ஜெனிபர் எனக்கு விளக்கினாள். "வாசல் மந்தமாயிருச்சா, நரம்பு சோந்துபோச்சா, தசை தளந்துருச்சான்னு இங்க நின்னுட்டு நம்மளால பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க மேடம். இழுத்து இழுத்து விட்ட எலாஸ்டிக் மாதிரி ஆயிருச்சு. பை காலியாகறதே இல்ல, ரொம்பி வழியறதுதான் கொஞ்சங் கொஞ்சமா வருது. மலம் வேற இறுகி, பின்னால இருந்து அழுத்துது. ரெண்டுக்கும் நரம்பு ஒரே எடத்துல இருந்துதானுங்க வருது. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு சும்மா இருக்காதுங்க." ஏற்கெனவே சோர்ந்துபோன பையையும் குடலையும் இன்னும் தூங்கவைக்கிற மாத்திரையை நான் இரட்டிப்பாகக் கொடுத்திருக்கிறேன் என்பதை அவள் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

எட்டுத் தடவை பார்த்தேன் அந்தப் பெண்ணை. ஜெனிபர் ஒரே தடவை பார்த்தாள். அவள் கேட்டது எந்தப் புத்தகத்தையும் கரைத்துக் குடிக்கவேண்டிய கேள்வியா? நான்காம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்கும். அடிக்கடி போகிறாள் என்றால் அடிக்கடி முட்டுகிறது என்று நானே எழுதிக்கொண்டேன். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருந்தது. உங்களிடம் ஒருவர் வந்து இத்தனை தடவை போகிறேன் என்று சொன்னால், எத்தனை தடவை என்பதோடு நிறுத்தாதீர்கள்.

மாத்திரையை நிறுத்தினோம். குடலைச் சுத்தம் செய்தோம். சில நாள் கழித்து டியூபை எடுத்துவிட்டு, சின்னக் குழாயைத் தானே போட்டுப் பையைக் காலிசெய்துகொள்ள ஜெனிபர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் பேச்சியம்மாள் அழுதாள், மூன்றாம் நாள் ஊசியில் நூல் கோப்பதை விட இது லேசு என்றாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, முட்டினாலும் முட்டாவிட்டாலும். போனில் அலாரம். ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு.

கம்பெனிக்கு நானே போனேன். மனசாட்சி உறுத்தியது என்பது பாதிக் காரணம். ஜெனிபர் செய்யாத ஒன்றை நான் செய்யவேண்டும் என்பது மீதி. மேனேஜர் நல்லபடியாக உட்கார வைத்து டீ கொடுத்தார். "டோக்கனெல்லாம் இப்ப இல்லீங்க டாக்டர், அது அந்தக் காலத்துப் பழக்கமுங்க" என்றார். கண்ணாடி வழியாக எனக்கு லைன் தெரிந்தது. மேசைக்குப் பக்கத்து ஆணியில், நூல் சுற்றுகிற காலிக் கோன் ஒன்று சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கயிற்றில் தொங்கியது, அதுதான் டோக்கன். நான் அதையே பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார். "அது... எல்லாரும் ஒரே நேரத்துல எந்திரிச்சா லைன் நின்னு போயிருமுங்க" என்றார். "ஒரு லிட்டருக்கு மேல எறங்குச்சுங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா டயாலிசிஸ்" என்றேன். பேச்சியம்மாளுக்கு மட்டும் டோக்கன் வேண்டாம், மிஷினும் அவளுக்கே என்று எழுதிக் கொடுத்தார்.

வெற்றி வீராங்கனை மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நேராக ஜெனிபர் அறைக்குப் போய், காத்திருந்த கூட்டத்தின் நடுவில் நடந்துபோய், காகிதத்தை மேசையில் வைத்தேன். படித்தாள். முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோசமுங்க மேடம். என்னால இது முடிஞ்சிருக்காதுங்க" என்றாள். அந்த வார்த்தையை ஐந்து விநாடி அனுபவித்தேன். ஆறாவது விநாடியில் கேட்டாள், "அப்ப மத்த முப்பத்தொம்பது பேருங்க?"

மறுபடியும் போனேன். இந்தத் தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கேண்டீன் ஹாலில் அந்த லைன் பெண்களிடம் மிளகாயில் ஆரம்பித்துப் பேசினாள். மேனேஜரும் இன்சார்ஜும் பின்னால் நின்று கேட்டார்கள். டோக்கன் ஒழிந்தது என்று முடித்தால் நன்றாக இருக்கும். ஒழியவில்லை. ஒன்று நாலாகியது. மிஷின் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அந்த லைனிலிருந்து பதினோரு பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். பத்துப் பேர் சின்ன டாக்டரம்மாவைக் கேட்டார்கள். பதினோராவது ஆளுக்கு ஜலதோஷம், அவளை என்னிடம் அனுப்பினார்கள்.

பேச்சியம்மாளின் கிட்னி வீக்கம் வடிந்துவிட்டது. பை பழையபடி ஆகவில்லை, குழாய் இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் மிஷினை விட்டு யாரும் அவளை இறக்கவில்லை.

இந்தக் கதையில் உங்களுக்கு வேண்டியது இதோடு முடிந்தது. மிச்சம் எனக்கு.

ஓய்வுபெற்ற நாளன்று மாலை போட்டார்கள், பேசினார்கள். அட்டெண்டர் மைக்கைப் பிடித்து, "காலைல ஒக்காந்தாங்கன்னா எந்திரிக்கவே மாட்டாங்க, இரும்பு ஒடம்புங்க" என்றார். கைதட்டினார்கள். ஜெனிபர் மட்டும் தட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் என் அறைக்கு வந்தாள். கையில் அந்த மிஷின்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. காலைல இருந்து எத்தன தடவ போயிருப்பீங்க?"

எண்ணிப் பார்த்தேன். வீட்டில் போனது. அதற்கப்புறம் இல்லை. அப்போது மணி நாலு. "எனக்கு முட்டவே இல்லையே" என்றேன். சொல்லி முடித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சியம்மாளின் ஞாபகம் வந்தது. உடனே என்னைப் பாத்ரூமுக்கு அனுப்பினாள். வந்ததும் படுக்க வைத்து, வயிற்றில் ஜெல்லைத் தடவி மிஷினை வைத்தாள். எண் வந்தது. திரையை என் பக்கம் திருப்பினாள். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே ஒரு டம்ளருக்கு மேல் நின்றது. முப்பத்தொரு வருடம் எனக்கு நானே டோக்கன் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். நான் முகம் சுருங்கவைத்த பிள்ளைகள்தான் புத்திசாலிகள்.

"பயப்படறதுக்கு இல்லீங்க. ஆனா விடக்கூடாதுங்க" என்று சொல்லி, என் போனை வாங்கி அலாரம் வைத்தாள். ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு.

இரண்டு வருடமாக அது அடிக்கிறது. செவ்வாய் வெள்ளிகளில் பரிசோதனைக்குப் போகும்போது நானும் அவள் அறைக்கு வெளியேதான் காத்திருக்கிறேன். ஒரு நாள் பக்கத்தில் பேச்சியம்மாள் இருந்தாள். எனக்கும் அதே அலாரம்தான் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். "பன்னெண்டு மணிக்கு நா மிஷின நிப்பாட்டி எந்திரிக்கயில உங்களையும் நெனச்சுக்கிடுதேன் டாக்டர். மறக்காமப் போயிருங்க, என்னா" என்றாள். என்னிடம் எட்டுத் தடவை வந்து ஏமாந்தவள் அப்படிச் சொன்னாள். ஜெனிபர் மீது பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தது என் அறை வாசலிலிருந்து போன அந்த நாற்காலிகள்தான், கைப்பிடியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது.

இப்போது மணி பன்னிரண்டு. அலாரம் அடிக்கிறது. எனக்கு முட்டவில்லை, ஒன்றும் தெரியவில்லை. அங்கே பேச்சியம்மாள் மிஷினை நிறுத்தியிருப்பாள். நானும் எழுந்திருக்கிறேன். உங்களில் யாராவது அடக்கிக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருந்தால், எழுந்து போய்விட்டு வாருங்கள், கண்ணுகளா. பேஷண்ட் காத்திருப்பார்.